நாட்டுத் தலைவர் நீதிமன்றம் ஏறலாமா?

“அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்” என்பது நம் முதியோர் வாயில் நாள்தோறும் பயிலும் பழமொழி. குற்றஞ் செய்தவனை அரசன் அன்றைக்கே ஒறுப்பான். அவன் கைக்குத் தப்பினாலும் தெய்வம் காத்திருந்து ஒறுக்கும் என்பது இதன் கருத்து. ஆயின் குற்றஞ் செய்தவன் அரசனே என்றால் அவனை அன்றைக்கு ஒறுப்பவர் யார்? பழமொழி இதற்கு விடை கூறவில்லை. நம் நாட்டின் அரசியல் யாப்பு கூறுகின்றது. ஜனாதிபதி பதவியில் இருக்கும் வரை அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது என்பதே அவ்விடை. இவ்விடை எவ்வாறு வந்தது, இது நீதியானதா என்று ஆராய்தல் வாலிபராகிய நமக்கும் நம்மை வழிநடத்தும் பெரியோருக்கும் பயன் தரும் என்று கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

தீவகம் தரும் சான்றுகள்

இவ்வாராய்ச்சிக்கு நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. நயினாதீவில் இருந்தே தொடங்கலாம். மகாவமிசம் கூறும் நாகதீபக் கதையை யாவரும் அறிவர். மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும் ஆனவர்கள், மணிபதித்த ஆசனம் ஒன்றிற்காகப் படை திரட்டி நின்றனர். புத்தர் அங்கு தோன்றி அவர்களைச் சமாதானப்படுத்தினார். இருவரும் போர் ஒழிந்து அவ்வாசனத்தை அவருக்கே ஈந்தனர். மணிமேகலையும் மணிபல்லவத் தீவில் பீடிகை ஒன்றிற்காக இரு நாக அரசர் பொருததையும் புத்தர் அதைத் தீர்த்ததையும் சொல்லும். மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்ளும் அறிஞரும் உளர். கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும் அதன் உட்கருத்து தெளிவானது. அரியணையில் இருப்பவரும் தமக்கு மேலான ஒருவர் முன் தம் வழக்கைச் சொல்லித் தீர்ப்பு ஏற்கலாம். அதனால் அவர்க்கு இழுக்கு வந்துவிடாது.

கதையினும் உறுதியான சான்று ஒன்றும் அத்தீவிலேயே உண்டு. நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டே அது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட அம்மன்னன், ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்பட வேண்டும் என்று அதில் ஆணையிட்டான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கே அரச பண்டாரத்துக்கு உரியது. ஏனைய மூன்று பங்கும் உடையவனுக்கே. வாணிபப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்பது நம் ஊர்காவற்றுறையே. கரையில் ஒதுங்கியது முழுவதையும் வாரிக்கொள்ளும் வலிமை அம்மன்னனுக்கு இருந்தது. அப்படியிருந்தும் தன் பங்கு இவ்வளவே என்று கல்லில் வெட்டுவித்தான். ஆள்பவன் தன் அதிகாரத்தின் எல்லையை மக்கள் படிக்கும் இடத்தில் எழுதி வைப்பதே அரசியல் யாப்பின் வித்து என்று நாம் கூறத் துணிகின்றோம். இக்கல்வெட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது காட்டி விளக்குவது நம் கடமை.

எல்லாளனும் தூபியும்

எல்லாளன் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலால் கொல்வித்தான் என்று நாம் பெருமையோடு பேசுவோம். சோழ நாட்டு மனுநீதி கண்ட சோழனுக்கும் இதே கதை உண்டு. ஆயின் மகாவமிசம் எல்லாளனைப் பற்றிச் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சியை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் அவனுடைய தேரின் நுகம் பட்டுப் பௌத்த தூபி ஒன்று சிதைந்தது. வேண்டுமென்று செய்ததன்று. அமைச்சர் “அரசே, உம்மால் தூபி சேதமுற்றது” என்றனர். உடனே அவன் தேரை விட்டு இறங்கி வீதியிலே கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் அறுக்கும்படி கேட்டான். அமைச்சரோ அதை ஏற்காது, தூபியைப் பழுது பார்த்துக் கொடுப்பதே தக்கது என்றனர். பெயர்ந்தவை 15 கற்களே. அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான்.

மகனுக்கு அளித்த தண்டனையிலும் இச்செயலே பெரிது என்பது நம் எண்ணம். இங்கு மூன்று உண்மைகள் உள்ளன. முதலாவது, குற்றத்தை அரசனின் முகத்துக்கு எதிரே சொல்லக்கூடிய அமைச்சர் இருந்தனர். இரண்டாவது, பிறர்க்கு விதித்த நீதியைத் தனக்கும் அவன் கேட்டான். மூன்றாவது, அரசன் தலை போவதால் நாடு குலையும் என்று உணர்ந்த அமைச்சர், தலையை விட்டு நட்டத்துக்கு ஈடு செய்யும் வழியைக் காட்டினர். பின்னால் நம் நாட்டு நீதிமன்றங்கள் கண்ட வழியும் ஏறக்குறைய இதுவே என்பதை வாசகர் காண்பர். மிஷன் பாடசாலையில் பயின்ற நாம் விவிலியத்தில் தாவீது அரசனை நாத்தான் என்னும் தீர்க்கதரிசி நேர்நின்று கண்டித்த வரலாற்றையும் படித்தோம். ஆள்பவனைக் கேள்வி கேட்கும் துணிவை அறமாகப் போற்றுவதில் சமயங்கள் வேறுபடவில்லை.

வென்றவர் நீதி

இதற்கு மறுபக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னன் சங்கிலி குமாரனை 1619இல் போர்த்துக்கேயர் சிறைப்பிடித்துக் கோவாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அரசன் சட்டத்துக்கு அடங்கிய வரலாறன்று இது. வென்றவன் தோற்றவனைக் கொன்ற வரலாறு. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை 1815இல் ஆங்கிலேயர் பதவி நீக்கினர். அவனுடைய கொடுமைகளைக் கண்டி ஒப்பந்தத்திலேயே காரணமாக எழுதினர். ஆயின் அவன் சொல்லைக் கேட்க ஒரு நீதிமன்றம் கூடவில்லை. வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். இங்கிலாந்திலே முதலாம் சாள்ஸ் மன்னனைப் பாராளுமன்றப் படையினர் விசாரித்து 1649 ஜனவரி 30இல் தலை வெட்டினர். 11 ஆண்டுகளில் அவன் மகனையே அழைத்து அரியணை ஏற்றினர்.

ஆள்பவரை விசாரிப்பது என்றவுடன் பெரியோர் அஞ்சுவதற்குக் காரணம் இத்தகைய வரலாறுகளே. நீதியின் உடையில் பழிவாங்கல் வரலாம் என்னும் அச்சம் வீணானதன்று.

பெயரளவுத் தலைவரும் நிறைவேற்றுத் தலைவரும்

“மன்னன் தவறு செய்யான்” என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய வாசகம். இதைக் கேட்டு நகைப்பவர் அதன் இயக்கத்தை அறிதல் வேண்டும். பிற்கால ஆங்கில முறையில் மன்னர் தாமாக எதையும் செய்வதில்லை. மந்திரி ஆலோசனை கூறுவார். அவரே பாராளுமன்றத்தில் பதில் சொல்வார். ஆகவே மன்னருக்கு விலக்கு இருந்தும் குற்றத்துக்குப் பொறுப்பாளி ஒருவர் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். சோல்பரி யாப்பின் கீழ் மகாதேசாதிபதியும், 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பின் கீழ் ஜனாதிபதி வில்லியம் கோபல்லாவவும் இத்தகைய தலைவர்களே. அதிகாரம் பிரதமரிடம் இருந்தது.

1978ஆம் ஆண்டு யாப்பு இந்த ஒழுங்கை மாற்றியது. ஜே. ஆர். ஜெயவர்த்தனா நிறைவேற்று அதிகாரமுடைய ஜனாதிபதியானார். நாட்டின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைத் தளபதி ஆகிய மூன்றும் ஒருவரே. பெயரளவுத் தலைவருக்கு அணிவித்த கவசத்தை, வாளேந்திய தலைவருக்கும் அப்படியே அணிவித்தனர். அந்த யாப்பின் 35ஆம் உறுப்புரையின்படி, ஜனாதிபதி உத்தியோக முறையிலோ தனிப்பட்ட முறையிலோ செய்தது எதற்கும், செய்யாது விட்டது எதற்கும், பதவியில் இருக்கும் போது அவர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது.

தனிப்பட்ட முறையில் என்ற சொல்லை வாசகர் கவனிக்க வேண்டும். ஊர்காவற்றுறையில் ஒருவர் தம் வள்ளத்தைக் கடனுக்கு விற்றார், வாங்கியவர் பின்னர் ஜனாதிபதியானார் என்று வைத்துக் கொள்வோம். விற்றவர் அந்தக் கடனுக்குக் கூட வழக்கு வைக்க முடியாது. பாரத நாட்டில் 361ஆம் உறுப்புரை ஜனாதிபதியையும் ஆளுநர்களையும் பதவிக்காலத்தில் குற்ற வழக்குகளிலிருந்து காக்கின்றது. ஆனால் தனிப்பட்ட சிவில் விவகாரத்தில் இரண்டு மாத அறிவித்தல் கொடுத்து வழக்குத் தொடர அனுமதிக்கின்றது. அங்கே உண்மை அதிகாரம் பிரதமரிடம் இருக்க, கவசம் சிறியது. இங்கே அதிகாரம் பெரிது, கவசமும் பெரிது.

ஆயின் நம் யாப்பில் ஒரு நல்ல வாசகமும் உண்டு. ஜனாதிபதி பதவியில் இருந்த காலம் வழக்குத் தொடர்வதற்குரிய காலவெல்லையில் எண்ணப்படாது. அதாவது காலங் கடந்ததென்று வழக்குச் சாகாது, காத்து நிற்கும். தெய்வத்தைப் போலச் சட்டமும் இங்கு நின்று கொல்ல எண்ணியது என்க.

நீதிமன்றங்கள் கண்ட வழி

மல்லிகாரச்சி வழக்கு 1985ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் உள்ளது. ஜே.வி.பி. கட்சிமீது விதித்த தடையை எதிர்த்து எழுந்த அவ்வழக்கில் தமிழரான நீதியரசர் சர்வானந்தா, பதவியில் உள்ள ஜனாதிபதியின் விலக்கு முழுமையானது என்றார். ஆயினும் அவர் சட்டத்துக்கு மேற்பட்டவரல்லர். பதவி முடிந்தால் விலக்கும் முடியும் என்பதையும் தெளிவாக்கினார்.

1998இல் மாகாண சபைத் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட்டபோது எழுந்த கருணாதிலக வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1999இல் மேலும் ஒரு படி சென்றார். விலக்கு ஆளுக்கு உரியது, செயலுக்கு உரியதன்று. ஜனாதிபதியின் பிரகடனத்தைக் காட்டி ஓர் அதிகாரி தன்னைக் காத்துக்கொள்ள முயன்றால் அந்தப் பிரகடனம் சட்டப்படியானதா என்று நீதிமன்றம் பார்க்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எல்லாளனின் அமைச்சரைப் போல, தலையைத் தொடாது நட்டத்தைத் திருத்தும் வழி இது.

2015இல் வந்த 19ஆம் திருத்தம் இவ்வழியைச் சட்டமாக்கியது. ஜனாதிபதியின் உத்தியோகச் செயலுக்கு எதிராகச் சட்டமா அதிபரை எதிராளியாக்கி அடிப்படை உரிமை மனு கொடுக்கலாம் என்றது. இதன் பயனை 2018இல் நாடு கண்டது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நவம்பர் 9ஆம் நாள் பாராளுமன்றத்தைக் கலைத்தார். இரா. சம்பந்தன் முதலானோர் மனுச் செய்தனர். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அக்கலைப்பு யாப்புக்கு மாறானது என்றனர். ஜனாதிபதி கூண்டில் ஏறவில்லை, ஆட்சி நிலைகுலையவில்லை, அவர் செயல் மட்டும் செல்லாததாயிற்று. 2020இல் 20ஆம் திருத்தம் இந்த வாயிலை அடைத்தது. 2022 அக்டோபரில் நிறைவேறிய 21ஆம் திருத்தம் மீண்டும் திறந்தது.

ஆட்களைப் பொறுத்தும் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. பொது நிலத்தைக் கோல்ப் விளையாட்டுத் திடலுக்கு வழங்கிய விவகாரத்தில் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டுமென 2008இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஏப்ரல் 21இல் ஈஸ்டர் தினக் குண்டு வெடிப்புகளைத் தடுக்கத் தவறியமைக்காகப் பதவி நீங்கிய சிறிசேன தம் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12இல் கட்டளை பிறந்தது. அதே ஆண்டு நவம்பர் 14இல், பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமாகிப் பொது நம்பிக்கையை மீறியவர்களுள் முன்னாள் ஜனாதிபதிகள் மகிந்த ராஜபக்ஷவும் கோட்டாபய ராஜபக்ஷவும் அடங்குவர் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஜனாதிபதியாயிருந்த காலத்து வெளிநாட்டுப் பயணமொன்றில் பொதுப்பணம் செலவிட்டார் என்னும் குற்றச்சாட்டில் ரணில் விக்கிரமசிங்க 2025 ஆகஸ்ட் 22இல் கைது செய்யப்பட்டு, 26இல் பிணையில் விடப்பட்டார். அவர் குற்றவாளியா அன்றா என்பதைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. பதவியோடு கவசமும் கழன்று விடும் என்பதே நாம் இங்கு காணும் பாடம். இந்த ஒரு விடயத்தில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்திலும் மேலானது என்று சொல்லலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 1இல், பதவி நீங்கிய ஜனாதிபதிக்கும் உத்தியோகச் செயல்களுக்குக் குற்ற விலக்கு உண்டு என்று தீர்ப்பளித்து விட்டது.

குறை எங்கே?

இவ்வளவு இருந்தும் குறை இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். அப்போது அருங்காட்சியகம் ஒன்றின் கட்டுமானத்தில் பொதுப்பணம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதென்ற வழக்கு அவர்மீது மேல் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. பதவியேற்ற சில நாளிலேயே, நவம்பர் 21இல், விடுபாட்டுரிமை காரணமாக அவர் அவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். சாட்சிகள் உண்மை சொன்னார்களா பொய் சொன்னார்களா என்று தெரியாமலே வழக்கு முடிந்தது. குற்றமற்றவராயின் அவர் பெயரும் தெளிவாகவில்லை. நிறுத்தி வைப்பது ஒன்று. முடித்து விடுவது வேறொன்று.

பதவியில் உள்ளவரை நீக்கும் குற்றப்பிரேரணையோ மலை ஏறுவது போன்றது. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; உயர் நீதிமன்ற விசாரணை வேண்டும்; பின்னர் மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1991இல் ரணசிங்க பிரேமதாசாவுக்கு எதிராக எழுந்த முயற்சி சபாநாயகரோடு நின்றது. இதுவரை எந்த ஜனாதிபதியும் இவ்வழியால் நீக்கப்பட்டதில்லை. 2022 ஜூலையில் மக்கள் திரண்டு மாளிகைக்குள் புகுந்தனர். 13ஆம் நாள் ஜனாதிபதி நாட்டை விட்டுப் பறந்து சென்றே பின்னர் பதவி துறந்தார். சட்டத்தின் வாயில் ஒடுங்கினால் மக்கள் மதிலேறுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மன்னிப்பு அதிகாரத்தையும் இங்கு எண்ண வேண்டும். 2000 டிசம்பரில் மிருசுவிலில் சிறுவர் உட்பட எண்மர் கொல்லப்பட்ட வழக்கில் இராணுவத்தினர் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொது மன்னிப்பில் அவர் வெளியே வந்தார். பதினைந்து ஆண்டு நடந்த வழக்கை ஒரு கையொப்பம் கரைத்தது. ஆயின் வேறொரு வழக்கில், 2021இல் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அளித்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லாதென்றது. ஆகவே மன்னிப்பும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று.

இருபக்க நியாயமும் நம் கருத்தும்

பெரியோர் சொல்லும் நியாயத்தை முதலில் எடுப்போம். நாட்டில் எத்தனை நீதவான் நீதிமன்றங்கள்! ஒவ்வொன்றும் ஜனாதிபதிக்கு அழைப்பாணை விடுத்தால் அவர் ஆள்வது எப்போது? தேர்தலில் தோற்றவர்கள் வழக்கால் வெல்ல முயலார்களா? இலட்சக்கணக்கான மக்கள் கொடுத்த ஆணையை ஒரு நீதவான் முடக்கலாமா? இவை கனமான கேள்விகள். சாதாரண வழக்குகளில் பதவிக்காலம் முடியும்வரை பொறுத்திருத்தல் நியாயமே என்று நாமும் ஒப்புக்கொள்கின்றோம்.

வாலிபர் சொல்லும் நியாயம் வேறு. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று எழுதிய அதே யாப்பில் ஒருவருக்கு மட்டும் விலக்கா? காத்திருக்கும் காலத்தில் சாட்சி இறக்கலாம், ஆவணம் அழியலாம், விசாரணை செய்யும் பொலிசாரை ஜனாதிபதியே மாற்றலாம். கவசம் அணிந்தவரே களத்தையும் தம் விருப்பப்படி மாற்ற வல்லவர் அல்லவா? தென்கொரியாவின் யாப்பு, கலகம், தேசத்துரோகம் ஆகியவற்றுக்கு விலக்கு இல்லை என்கிறது. அங்கே 2024 டிசம்பர் 3இல் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்த யூன் சுக் யோல், அதிகாரம் இடைநிறுத்தப்பட்டும் பதவி நீங்காத நிலையிலேயே 2025 ஜனவரி 15இல் கைதானார். நாடு கவிழ்ந்து போகவில்லை.

நம் கருத்து இது. சிறு வழக்குகள் காத்திருக்கட்டும். ஆனால் முடித்து வைக்கப்படாமல் நிறுத்தி மட்டும் வைக்கப்படட்டும், சாட்சிகளின் வாக்குமூலம் உடனே எழுதப்படட்டும். உத்தியோகச் செயல்களை ஆராயும் வாயிலை எந்தத் திருத்தமும் அடைக்க முடியாதபடி செய்யட்டும். கொலை, காணாமலாக்கல், யாப்பைக் கவிழ்த்தல் போன்ற பெருங் குற்றங்களுக்கு, ஒரு நீதவானிடமன்றி உயர் நீதிமன்றத்தின் பல நீதியரசர் கூடிய ஆயத்தின் அனுமதியோடு, பதவியில் இருக்கும்போதே விசாரணை தொடங்கட்டும். பழிவாங்கும் வழக்கை அந்த ஆயம் வாயிலிலேயே தடுக்கும்.

தீவக மக்களுக்கு இதில் என்ன?

கொழும்பு ஜனாதிபதிக்கும் நெடுந்தீவு மீனவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உளர். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிச் சென்ற குமுதினிப் படகிலே குழந்தைகளும் பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். இதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கொன்றவர்களுக்கு 35ஆம் உறுப்புரை எந்தக் கவசமும் அளிக்கவில்லை. எழுதப்பட்ட விலக்கு ஒருவருக்கே. ஆனால் எழுதப்படாத விலக்கு அவர் கீழே படிப்படியாக இறங்கிக் கடைசிச் சிப்பாய் வரை வந்து விட்டது. உச்சியில் உள்ளவர் பதில் சொல்லாத நாட்டில் கீழே உள்ளவரைக் கேட்பது யார்? ஒவ்வோராண்டும் மே 15இல் நெடுந்தீவில் விளக்கேற்றுவோர் இக்கேள்வியையே ஏந்தி நிற்கின்றனர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள், கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டும். ஊர்காவற்றுறை நீதிமன்றம் அதை ஏற்க முடியாது. நெடுந்தீவில் உள்ளவர் முதலில் கடலைக் கடக்க வேண்டும். பின் யாழ்ப்பாணம் சேர வேண்டும். பின் கொழும்பு சேர வேண்டும். சட்டத்தரணிக்குப் பணம் தேட வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் படகு ஓடாத நாட்களையும் கூட்டிப் பாருங்கள். சட்டம் திறந்த வாயில் நமக்கு எட்டாத தூரத்தில் இருப்பின் அது திறந்தும் அடைத்ததற்குச் சமம். இம்மனுக்களை ஏற்கும் அதிகாரம் மாகாண மட்டத்திலும் வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

வாலிப சகோதரர்களே! நம் ஊர்க் கோயில்களில் தர்மகர்த்தா ஆண்டுக்கொருமுறை கணக்கறிக்கை வாசிக்கின்றார். அதனால் அவர் மதிப்புக் குறைவதில்லை. வாசிக்க மறுப்பவரின் மதிப்பே குறைகின்றது. கோயிற் கணக்கைக் கேட்கும் ஊரவர் நாட்டுக் கணக்கையும் கேட்கப் பழக வேண்டும். நம்மில் சிலராவது சட்டம் பயின்று, கொழும்பிலே நின்றுவிடாது ஊர்காவற்றுறை நீதிமன்றப் படியேறி ஏழைகளுக்காகப் பேச வேண்டும். ஏனையோர் யாப்பின் 35ஆம் உறுப்புரையையும் 126ஆம் உறுப்புரையையும் தமிழிலே படித்து வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். பெரியோர்கள் தங்கள் கண்ணால் கண்டவற்றையும் காதால் கேட்டவற்றையும், ஆண்டோடும் நாளோடும், எழுதி வைக்க வேண்டும். வழக்கு காத்து நிற்கலாம். சாட்சி காத்து நிற்பதில்லை.